நாமினி போட்டாச்சு என்றால் போதுமா?

கேள்வி: என் கணவர் அஞ்சல் துறையில் 2008 நவம்பரில் வேலைக்குச் சேர்ந்தார். வயது 43. இப்போது பேசிக் 41,600 ரூபாய். என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் சுமார் 28 லட்சம் இருக்கிறது, நாமினி நான்தான். யுபிஎஸ் (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) வந்தபோது அவர் அதை எடுக்கவில்லை. எங்களுக்கு ஒரே மகன், 14 வயது, அறிவுசார் குறைபாடு உள்ளவன். நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. போன மாதம் அவருடன் வேலை பார்த்த ஒருவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். துக்கம் விசாரிக்கப் போனபோது, "ஆப்ஷன் கொடுத்திருக்கிறாரா என்று ஆபீஸில் கேட்கிறார்கள், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று அவர் மனைவி அழுதார். வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். "நாமினி போட்டாச்சு, அது போதும், அபசகுனமாகப் பேசாதே" என்கிறார். அது போதுமா? நான் சம்பளம் வாங்குவதால் எனக்குக் குடும்ப பென்ஷன் கிடைக்காது என்று சிலர் சொல்வது உண்மையா? எங்களுக்குப் பிறகு மகனுக்கு ஏதாவது வருமா?
(வாசகி, திருச்சி)

அன்புள்ள சகோதரிக்கு,

போதாது. நாமினேஷன் வேறு, ஆப்ஷன் வேறு. உங்கள் கணவர் மாதிரி இரண்டையும் ஒன்றென்று நினைத்திருப்பவர்களை பென்ஷன் பிரிவில் இருந்த ஆண்டுகளில் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் உங்கள் கடிதத்தை வரிசையில் முன்னால் எடுத்தேன்.

என்பிஎஸ் கணக்கில் இருக்கும் பணம் யார் கைக்குப் போக வேண்டும் என்று சொல்வது நாமினேஷன். பணியில் இருக்கும்போதே ஊழியர் இறந்தால், குடும்பத்துக்கு எந்த விதியின்படி பலன் தர வேண்டும் என்று சொல்வது ஆப்ஷன். என்பிஎஸ் விதியின்படியா, பழைய பென்ஷன் விதியின்படி மாதாமாதம் குடும்ப ஓய்வூதியமா? இதை ஊழியர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான தாள் படிவம் 1. மத்திய அரசு 2021 மார்ச் 30 அன்று அறிவித்த என்பிஎஸ் நடைமுறை விதிகளில், 10-வது விதியின் கீழ் வருகிறது. புதிதாகச் சேருபவர்கள் சேரும்போதே கொடுக்க வேண்டும். முன்பே பணியில் இருந்தவர்கள் விதி வந்ததும் கூடிய சீக்கிரம் கொடுத்திருக்க வேண்டும்.

கொடுக்காமல் இறந்துவிட்டால் என்ன ஆகும்? உங்கள் வீட்டுக்கு முக்கியமான இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். 15 ஆண்டு சேவை முடிவதற்குள் இறந்தாலோ, விதி அறிவிக்கப்பட்ட 3 ஆண்டுக்குள் இறந்தாலோ, ஆப்ஷன் இல்லாவிட்டாலும் பழைய பென்ஷன் விதிப்படி குடும்ப ஓய்வூதியம் தந்துவிடுவார்கள். இந்த இரண்டும் கடந்துவிட்டால், ஆப்ஷன் கொடுக்காதவர் என்பிஎஸ் பலனையே தேர்ந்தெடுத்ததாகக் கொள்ளப்படும். உங்கள் கணவருக்கு 15 ஆண்டு 2023 நவம்பரில் முடிந்தது. அந்த 3 ஆண்டு 2024 மார்ச்சில் முடிந்தது. ஆக, படிவம் 1 அவருடைய சர்வீஸ் புக்கில் (பணிப்பதிவேட்டில்) இல்லையென்றால், இன்றைக்கு உங்கள் குடும்பத்துக்குப் பழைய பென்ஷன் பாதுகாப்பு இல்லை. 2024 மார்ச் வரை தானாக இருந்தது, சத்தமில்லாமல் போய்விட்டது. 2009, 2010-இல் சேர்ந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். இதைப் படிக்கும் மத்திய அரசு ஊழியர்கள் உங்கள் சேர்ந்த தேதியோடு 15-ஐக் கூட்டிப் பாருங்கள்.

கோட்டைத் தாண்டிவிட்டோமே என்று பயப்பட வேண்டாம். 15 ஆண்டு முடிந்தாலும் ஆப்ஷன் கொடுக்கலாம். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றியும் கொடுக்கலாம். கதவு பூட்டியில்லை, போய்த் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எதை எழுதுவது? உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம்.

பழைய பென்ஷன் விதியை எடுத்தால், பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு முதல் 10 ஆண்டு கடைசி பேசிக்கில் 50%, அதற்குப் பிறகு 30%. 41,600-க்கு முதலில் 20,800, பிறகு 12,480. இதன் மேல் அகவிலை நிவாரணம் சேரும். 2025 ஜூலை நிலவரமான 58% என்று கணக்குப் போட்டால், முதல் 10 ஆண்டு மாதம் 32,864 ரூபாய் வருகிறது. 10 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 12,480-உம் இதே 58% கணக்கில் 19,718 ரூபாய். ஆனால் அதற்குள் நிவாரணம் எவ்வளவோ ஏறியிருக்கும். விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிற பணம் இது. ஊதியக் குழு வந்தால் திருத்தியும் அமைக்கப்படும்.

அப்படியானால் 28 லட்சமும் அரசுக்குப் போய்விடுமா என்று கேட்பீர்கள். எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள், இந்தப் பயத்தால்தான் பலர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள். முழுவதும் போகாது. அரசு போட்ட பங்கும் அதன் வளர்ச்சியும்தான் அரசுக்குத் திரும்பும். உங்கள் கணவர் சம்பளத்திலிருந்து பிடித்த பங்கும் அதன் வளர்ச்சியும் நாமினியான உங்களுக்கு மொத்தமாக வரும். 2019 மார்ச் வரை இரு தரப்பும் 10%, அந்த ஏப்ரலிலிருந்து அவர் 10%, அரசு 14%. அதனால் அவர் பங்கு மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். 28 லட்சத்தில் தோராயமாக 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்பிஎஸ் வழியில் போனால், அந்த 28 லட்சத்தில் 20%, அதாவது 5,60,000 கையில் வரும். மீதி 80%, 22,40,000 ரூபாய்க்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஆன்யூட்டி, அதாவது மாதாமாதம் பணம் தரும் திட்டம், வாங்க வேண்டும். ஆண்டுக்கு 6% என்று வைத்தால் மாதம் 11,200 ரூபாய். அகவிலை நிவாரணம் கிடையாது. இன்றைக்கு 11,200 என்றால் 20 ஆண்டு கழித்தும் அதே 11,200தான். உங்கள் மகனுக்கு அப்போது 34 வயது. அந்த வயதில் அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்தால் என்ன கேட்பார் என்று நினைத்துப் பாருங்கள், அந்தத் தொகையின் மதிப்பு புரியும்.

கிராஜுவிட்டி இரண்டு வழியிலும் உண்டு. எந்த ஆப்ஷன் எழுதினாலும் அதில் மாற்றமில்லை. 11 முதல் 20 ஆண்டுக்குள் சேவை என்றால் பேசிக்கும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைப் போல் 20 மடங்கு. உங்கள் கணக்கில் 65,728-ஐ 20-ஆல் பெருக்க, 13,14,560 ரூபாய். இதற்கும் தனியாக நாமினேஷன் படிவம் உண்டு. என்பிஎஸ் நாமினேஷன் இதற்குச் செல்லாது. பலர் வீட்டில் கல்யாணத்துக்கு முன்பு போட்ட நாமினேஷனே இன்னும் இருக்கிறது. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் சம்பளத்தைப் பற்றிச் சிலர் சொன்னது தவறு. கணவர் இறந்த பிறகு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனைவியின் வருமானம் தடையே இல்லை. வருமான வரம்பு பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்தான்.

இப்போது மகன் விஷயத்துக்கு வருகிறேன். என் மனதில் இவ்வளவு நேரமும் அவன்தான் இருந்தான்.

பழைய பென்ஷன் விதியில் மற்ற மகனுக்கு 25 வயது வரைதான் குடும்ப ஓய்வூதியம். சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவு குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்க உண்டு. நீங்கள் இருக்கும்வரை உங்களுக்கு, உங்களுக்குப் பிறகு அவனுக்கு. வேறு எந்தத் திட்டத்திலும் இப்படி ஓர் ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. மாதம் இத்தனை என்று, விலைவாசியோடு ஏறும் தொகை, அப்பா அம்மா இருவரும் இல்லாத காலத்திலும் அவன் பெயருக்கு வந்துகொண்டிருக்கும். வேறெந்தக் காரணமும் வேண்டாம், இந்த ஒன்றுக்காகவே உங்கள் கணவர் பழைய பென்ஷன் விதியை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பேன்.

ஆனால் அது தானாக வராது. ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் பணியில் இருந்தபோது ஒரு பெரியவர், தன் தங்கை மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு 30 வயது இருக்கும், பேச்சு வராது, மாமாவின் சட்டை நுனியை விடவே இல்லை. அப்பா எங்கள் அலுவலக ஊழியராக இருந்து எப்போதோ போய்விட்டார், அம்மா குடும்ப பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்து ஆறு மாதம் முன்பு போய்விட்டார். சர்வீஸ் புக்கை எடுத்துவரச் சொன்னேன். தைத்த நூல் இற்றுப்போன பழைய புத்தகம். குடும்ப விவரப் பக்கத்தில் மனைவி பெயர் இருந்தது, மூத்த மகன் பெயர் இருந்தது. மூன்றாவது வரி காலியாகக் கிடந்தது. மகளைப் பற்றி எழுத அந்தத் தந்தைக்குக் கூச்சமா, எழுதி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணமா, எனக்குத் தெரியாது. அவள் அவருடைய மகள்தான் என்று நிரூபிக்கவே அந்தப் பெரியவர் பள்ளிச் சான்று, பழைய ரேஷன் கார்டு, வாரிசுச் சான்று என்று ஓர் ஆண்டுக்கு மேல் அலைந்தார். ஒவ்வொரு தடவையும் அவளையும் கூட்டிக்கொண்டுதான் வருவார், வீட்டில் விட்டுவர ஆளில்லை. கடைசியில் பென்ஷன் கிடைத்தது. ஆனால் அந்த மூன்றாவது வரியை ஒரு தகப்பன் கைப்பட எழுதியிருந்தால் ஒரே மாதத்தில் முடிந்திருக்கும்.

அதனால் படிவம் 1-உடன் குடும்ப விவரப் படிவத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அதில் மகனின் பெயர், பிறந்த தேதி, குறைபாட்டின் தன்மை எல்லாம் இருக்க வேண்டும். மருத்துவச் சான்றின் நகலை இணையுங்கள். சான்றில் குறைபாடு நிரந்தரமா, தற்காலிகமா என்பது தெளிவாக இருக்க வேண்டும். நிரந்தரம் என்றிருந்தால் ஒருமுறை கொடுத்தால் போதும், தற்காலிகம் என்றிருந்தால் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டிவரும். சின்ன வயதில் எடுத்த சான்றுகளில் பெரும்பாலும் மறுபரிசீலனைத் தேதி போட்டிருப்பார்கள். உங்களிடம் இருப்பதை இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், அவன் சார்பில் பணத்தை யார் வாங்குவது? அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் குடும்ப ஓய்வூதியத்தை வாங்க ஒருவரை ஊழியரே எழுதிக் கொடுக்கலாம். அவர் எழுதாவிட்டால் பின்னால் மனைவி எழுதலாம். அப்படி எழுதிவைத்திருந்தால் கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளர் சான்று வாங்கி வா என்று அலுவலகம் கேட்கக் கூடாது. இன்னொரு ஏற்பாடும் உண்டு. அவனுக்கு 18 வயது ஆனதும், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். பெற்றோருக்கு 18-உடன் சட்டப்படியான காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பாங்கில் அவன் கணக்கைத் தொட முடியாமல் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. உங்களுக்கு இன்னும் 4 ஆண்டு இருக்கிறது. உங்களுக்குப் பின் யார் என்று இப்போதிருந்தே பேசி வையுங்கள். தம்பியோ நாத்தனாரோ, பணத்தைக் காப்பவர் ஒருவரும் பிள்ளையைக் காப்பவர் ஒருவருமாகக்கூட இருக்கலாம்.

பணத்தை அவன் பெயரில் குவிப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். குறைபாடுள்ள பிள்ளைக்கும் வருமான வரம்பு உண்டு. 2021-இல் அதைத் தளர்த்தினார்கள். குடும்ப ஓய்வூதியத்தைத் தவிர்த்த அவனுடைய மொத்த வருமானம், அவனுக்குக் கிடைக்கக்கூடிய 30% குடும்ப ஓய்வூதியமும் அதன் அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் எண்ணில் மாதம் 19,718 ரூபாய். டெபாசிட் வட்டியும் வாடகையும் வருமானத்தில் சேரும். பாசத்தில் வீடு, டெபாசிட் எல்லாவற்றையும் அவன் பெயருக்கு மாற்றி, அதனாலேயே பென்ஷனுக்கு இடைஞ்சல் வரவைத்துவிடாதீர்கள். மாற்றுவதற்கு முன் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் அவர் பணியில் இருக்கும்வரைக்கும்தான். ஓய்வு பெற்ற அடுத்த நாள் படிவம் 1-க்கு வேலை இல்லை. 60 வயதில் என்பிஎஸ்-இல் இருந்து வெளியே வரும்போது அதிகபட்சம் 60% கையில் வாங்கலாம், குறைந்தது 40%-க்கு ஆன்யூட்டி வாங்க வேண்டும். அன்றைக்கு எந்த ஆன்யூட்டி என்று போடும் டிக் குறிதான் அதற்குப் பிறகு உங்களுக்கு என்ன வரும் என்பதைத் தீர்மானிக்கும். தனக்கு மட்டும் என்று எடுத்தால் மாதத் தொகை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவரோடு அது முடிந்துவிடும். ஒரு சில நூறு ரூபாய்க்காக அதை எடுத்த குடும்பங்கள் உண்டு. எடுத்த பிறகு, ஆரம்பத்தில் தரும் சில நாள் அவகாசம் போனால், மாற்றவே முடியாது. அரசு ஊழியர்களுக்கென்று இயல்பு ஏற்பாடாகவே ஒன்று வைத்திருக்கிறார்கள். அவருக்கு ஆயுள் வரை, பிறகு மனைவிக்கு அதே தொகை ஆயுள் வரை, பிறகு அவருடைய தாய், தந்தை இருந்தால் அவர்களுக்கு, கடைசியில் ஆன்யூட்டி வாங்கப் போட்ட தொகை பிள்ளைக்குத் திரும்பும். உங்களுக்கு அதுதான் பொருத்தம்.

யுபிஎஸ் எடுக்காமல் விட்டது தப்போ என்று உங்கள் கடிதத்தில் ஒரு தொனி இருக்கிறது. 2025 நவம்பர் 30-உடன் அந்த அவகாசம் முடிந்தது, போனதை நினைத்து வருந்த வேண்டாம். உங்கள் குடும்பத்துக்கு அது அவ்வளவு பெரிய நஷ்டமும் இல்லை. யுபிஎஸ்-இல் 25 ஆண்டு சேவைக்குக் கடைசி 12 மாத சராசரி பேசிக்கில் 50% உறுதி, அகவிலை நிவாரணமும் உண்டு, கணவருக்குப் பின் மனைவிக்கு அதில் 60%. நல்ல திட்டம்தான். ஆனால் அந்த 60% ஓய்வு பெறும் நாளில் மனைவியாக இருப்பவருக்கு மட்டும். மனைவிக்குப் பிறகு பிள்ளைக்கு என்று மாதத் தொகை அதில் கிடையாது, குறைபாடுள்ள பிள்ளையானாலும் கிடையாது. பிள்ளைகள் எல்லோரும் சொந்தக் காலில் நிற்கும் வீட்டில் யுபிஎஸ்-ஐ எடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில், போட்ட தொகை மகனுக்குத் திரும்பி வரும் ஆன்யூட்டிக்கும் மதிப்பு இருக்கிறது. பணியில் இறந்தால் பழைய பென்ஷன் விதியைக் கேட்கும் ஆப்ஷன் யுபிஎஸ்-காரர்களுக்கும் உண்டு. அவர்களும் படிவத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

55 வயதைத் தாண்டும்போது அவர் ஒருமுறை கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம். அப்போது கணக்கில் பெரிய தொகை சேர்ந்திருக்கும், சிலருக்கு என்பிஎஸ் வழி இலாபமாகத் தெரியும். உங்கள் மகன் நிலையில் மாற்றமில்லை என்றால் நான் அப்போதும் பழைய பென்ஷனையே சொல்வேன்.

தமிழக அரசின் சிபிஎஸ்-இல் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) இருக்கும் வாசகர்கள் இந்தப் படிவத்தைத் தேட வேண்டாம். இது மத்திய அரசு விதி.

இனி செய்ய வேண்டியது. முதலில் உங்கள் கணவர் தன் சர்வீஸ் புக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும், அது அவர் உரிமை. படிவம் 1 ஒட்டியிருக்கிறதா, எந்த ஆப்ஷனில் டிக் இருக்கிறது, அலுவலகத் தலைவர் மேலொப்பம் இட்டிருக்கிறாரா, மூன்றையும் பார்க்க வேண்டும். சேரும்போது ஏதோ கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டேனே என்று சொல்வார், அவர் சேர்ந்த 2008-இல் இந்தப் படிவமே கிடையாது. இல்லையென்றால் புதிதாக எழுதி, இரண்டு நகலோடு நேரில் கொடுத்து, ஒரு நகலில் தேதியும் முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். டேபிளில் வைத்துவிட்டு வந்தேன் என்பது கணக்கில் சேராது. ஒரு மாதம் கழித்துப் போய், அது சர்வீஸ் புக்கில் ஒட்டப்பட்டு பதிவும் ஆகியிருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஒரு நகல் உங்கள் கையில், மகனின் சான்றிதழ் இருக்கும் அதே ஃபைலில் இருக்கட்டும்.

அபசகுனம் என்று சொல்கிற கணவரிடம் சண்டை போட வேண்டாம். இறப்பைப் பற்றிப் பேசாமல், மகனின் பெயர் சர்வீஸ் புக்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவரச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டுகிற தகப்பன் மற்றதைத் தானே கேட்டுக்கொண்டு வருவார். இறந்துபோன நண்பரின் மனைவியிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் கணவர் எந்த ஆண்டு சேர்ந்தார் என்று முதலில் பார்க்கட்டும். 15 ஆண்டு முடிந்திருக்காவிட்டால், ஆப்ஷன் இல்லை என்ற காரணத்துக்காக அவருக்குக் குடும்ப ஓய்வூதியத்தை மறுக்க முடியாது. அதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

மகனின் சான்றிதழில் நிரந்தரம் என்று இருக்கிறதா, மறுபரிசீலனைத் தேதி இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். தேதி இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று பதில் தருகிறேன்.